நிழலை அளந்து கோளை அறிதல்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இரவு நேரத்தில் வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. எதிர்ச் சரிவில், வெகு தொலைவில், ஒரு லயத்து வீட்டின் முன் ஒற்றை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். நமக்கு முன்னாலுள்ள தோட்டச் சாலையில் கொழுந்து ஏற்றிய லாரி ஒன்று மெல்ல ஏறி வரும். அதன் முன்விளக்கின் ஒளி தெரியுமே தவிர, லாரியின் உடல் இருளோடு இருளாகக் கலந்திருக்கும். அது நம்மைக் கடக்கையில் எதிர்ச் சரிவு விளக்கு சட்டென்று மறையும்; சிறிது நேரங்கழித்து மீண்டும் தோன்றும்.

லாரியை நாம் பார்க்கவேயில்லை. ஆயினும் அதன் நீளத்தைச் சொல்லிவிடலாம். லாரி விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் ஏறியது என்றும், விளக்கு ஒன்றரை விநாடி மறைந்திருந்தது என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்தை ஒன்றரையால் பெருக்கினால் ஏழரை. லாரியின் நீளம் ஏழரை மீட்டர். விளக்கு மிகத் தொலைவிலும் லாரி நமக்கு அருகிலும் இருப்பதால் இக்கணக்கில் பிழை மிகக் குறைவு.

இந்தச் சிறு கணக்கைக்கொண்டுதான், சூரிய மண்டலத்தின் கடைக்கோடியில் இருளில் மிதக்கும் பனிக் கோளங்களை வானநூலார் இன்று அளக்கிறார்கள். எதிர்ச் சரிவு விளக்கின் இடத்தில் ஒரு நட்சத்திரம். லாரியின் இடத்தில் ஒரு பனிக்கோளம். கோளம் நட்சத்திரத்துக்கு முன்னால் வந்து அதன் ஒளியை மறைப்பதற்கு 'நட்சத்திர மறைப்பு' என்று பெயர். இம்முறையின் சரித்திரத்தில் தமிழ்நாட்டு மலை ஒன்றுக்கும், தேயிலைப் பணத்தால் எழுந்த ஜாவாத் தீவின் வானாராய்ச்சி நிலையம் ஒன்றுக்கும் சிறப்பான பங்கு உண்டு. அவை கண்ட வெற்றியும், அவற்றுக்கு நேர்ந்த பிழையும் நாம் அறிந்துகொள்ளத்தக்கவை.

நேரில் பார்த்து அளக்க முடியாதா?

பெரிய தொலைநோக்கியால் நேரில் பார்த்தே அளந்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். 2005ஆம் ஆண்டில் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்ட 'எரிஸ்' என்ற குறுங்கோளை எடுத்துக்கொள்வோம். அது 2010இல் நம்மிடமிருந்து ஏறத்தாழ 1,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. தானா ராத்தாவில் ஓர் இருபது காசு நாணயத்தை நிறுத்தி வைத்து, அதைக் கோலாலம்பூரிலிருந்து பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்த நாணயம் எவ்வளவு சிறிதாகத் தோன்றுமோ, ஏறக்குறைய அவ்வளவு சிறிதாகவே எரிஸ் நமக்குத் தோன்றுகிறது. அதை ஓர் ஒளிப்புள்ளியாகக் காணலாம். விட்டத்தைத் திட்டமாக அளப்பது அரிது.

ஒளியின் அளவைக்கொண்டு ஊகிக்கலாமென்றால், அங்கேயும் ஓர் இடையூறு. வெள்ளை வெளேரென்ற சிறிய உருண்டையும், கரி படிந்த பெரிய உருண்டையும் தொலைவிலிருந்து ஒரே பிரகாசமுடையவையாகத் தோன்றக்கூடும். எது வெண்மை, எது பெருமை என்று ஒளியை மட்டும் பார்த்துப் பிரித்தறிய இயலாது.

விட்டம் தெரிவதால் என்ன பயன்? விட்டம் தெரிந்தால் கொள்ளளவு தெரியும். ஒரு கோளுக்குத் துணைக்கோள் இருந்தால், அது சுற்றும் வேகத்திலிருந்து கோளின் எடையைக் கணக்கிடலாம். எடையைக் கொள்ளளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். அது முழுதும் பனியா, பனி போர்த்த பாறையா என்பதை அடர்த்தி சொல்லிவிடும். சூரிய மண்டலம் உருவானபோது மிஞ்சிய மூலப்பொருள்கள் இவை. ஆகவே இவற்றின் உட்பொருளை அறிவது நம் பூமியின் பூர்வ கதையை அறிவதற்கு ஒப்பாகும்.

நிழலின் அகலம்

நட்சத்திரம் மிகமிகத் தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் நம்மிடம் வந்து சேரும்போது இணைகோடுகளாகவே வருகின்றன. அக்கதிர்களின் வழியில் ஒரு கோளம் குறுக்கிட்டால், அதன் நிழல் பூமியின்மேல் விழும். கதிர்கள் இணையாக வருவதால் நிழலின் அகலமும் கோளத்தின் அகலமும் ஒன்றே. ஆயிரம் கிலோமீட்டர் விட்டமுள்ள கோளத்தின் நிழல் ஆயிரம் கிலோமீட்டர் அகலமுள்ளதாகவே இருக்கும். எட்டாத் தொலைவிலுள்ள கோளம் தன் அளவு மாறாத படம் ஒன்றை நம் மண்ணின்மேல் எழுதிச் செல்கிறது எனலாம். அப்படத்தை அளந்தால் போதும், கோளத்தை அளந்தவர்களாவோம்.

ஆனால் நிழல் நிற்பதில்லை. பூமியும் அக்கோளமும் ஓடிக்கொண்டே இருப்பதால், விநாடிக்கு இருபது கிலோமீட்டர் அளவான வேகத்தில் நிழல் பூமியைக் கடந்துவிடுகிறது. ஓரிடத்தில் நிற்பவருக்கு நிழலின் ஒரு கீற்று மட்டுமே கிடைக்கும். வட்டத்தின் குறுக்கே எங்கோ ஓரிடத்தில் கிழித்த கோடு அது. கணித நூலில் 'நாண்' என்று படித்திருக்கிறோமல்லவா? அந்த நாண்தான். நாண் ஒன்றைமட்டும் வைத்துக்கொண்டு வட்டம் எவ்வளவு பெரிது என்று சொல்ல முடியாது. அது நடுவில் சென்ற நாணோ, ஓரத்தை உரசிச் சென்ற நாணோ, யார் கண்டார்?

இருவர் பார்த்தால் நிலைமை மாறிவிடுகிறது. ஒருவர் கேமரன் மலையில் நிற்கிறார். மற்றொருவர் நிழல் செல்லும் பாதைக்குக் குறுக்காக நூறு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறார். நிழலின் வேகம் விநாடிக்கு 20 கிலோமீட்டர். முதலாமவருக்கு நட்சத்திரம் 40 விநாடி மறைந்தது. அவருடைய நாண் 800 கிலோமீட்டர். இரண்டாமவருக்கு 30 விநாடி மறைந்தது. அவருடைய நாண் 600 கிலோமீட்டர். நாண்களின் பாதி முறையே 400, 300. இந்த இரு நாண்களும் நூறு கிலோமீட்டர் இடைவெளியில் பொருந்தக்கூடிய வட்டம் ஒன்றே ஒன்றுதான். முதல் நாண் மையத்திலிருந்து 300 கிலோமீட்டரிலும், இரண்டாவது 400 கிலோமீட்டரிலும் அமையும். மூன்று, நான்கு, ஐந்து என்ற செங்கோண முக்கோணத்தைப் பள்ளியில் படித்த மாணவர் உடனே சொல்லிவிடுவார்: ஆரம் 500, விட்டம் 1,000 கிலோமீட்டர்.

கோளம் சரியான உருண்டையாக இருந்தால்தான் இரண்டு நாண்கள் போதும். கோழிமுட்டைபோல நீண்டிருந்தால் மூன்றாவது, நான்காவது ஆள் தேவை. உருவம் கோணலாக இருக்க இருக்க, பார்ப்பவர்களின் எண்ணிக்கையும் பெருக வேண்டும். காலத்தைக் கணிப்பதிலும் கண்டிப்பு வேண்டும். பத்தில் ஒரு விநாடி பிசகினால் இரண்டு கிலோமீட்டர் பிசகும்.

மறையும் விதம்

எவ்வளவு நேரம் மறைகிறது என்பது மட்டுமல்ல, எப்படி மறைகிறது என்பதும் ஒரு செய்தி. சந்திரன் தன் பாதையில் ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய நட்சத்திரங்களைச் சிற்சில காலங்களில் மறைப்பதுண்டு. அப்போது நட்சத்திரம் படிப்படியாக மங்குவதில்லை. விளக்கை ஊதி அணைத்தாற்போலச் சட்டென்று மறைகிறது. சந்திரனில் குறிப்பிடத்தக்க காற்று மண்டலம் இல்லை என்பதற்கு இது ஒரு சான்று.

காற்று மண்டலம் உள்ள கோளமாயின், அது ஒளிக்கதிரை வளைத்துப் பரப்பிவிடும். அதனால் நட்சத்திரம் மெல்ல மங்கி மறையும், மெல்லவே மீளும். மங்கும் வேகத்தைக்கொண்டு அக்காற்றின் அடர்த்தியையும் மதிப்பிடலாம். இந்த 'மெல்ல' என்ற சொல்லில்தான் ஒரு பொறியும் இருக்கிறது என்பதைக் கீழே காண்போம்.

இரு மலைகள், ஒரு நட்சத்திரம்

ஜாவாத் தீவில் பாண்டுங் நகருக்கு வடக்கே, லெம்பாங் என்ற மலையூரில் போஸ்கா வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதற்குப் பெயர் தந்தவரான காரல் போஸ்கா வானநூல் பேராசிரியரல்லர், தேயிலைத் தோட்டத்துரை. பங்காலெங்கான் பகுதியில் 'மலபார்' என்ற பெயர்கொண்ட தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்தவர். 1920களில் அந்நிலையம் எழப் பெரும்பொருள் தந்தார்; 1928இல் காலமானார். மலைச்சரிவில் கூடை சுமந்தவர்களின் உழைப்பில் விளைந்த பொருளில் ஒரு பகுதி, வானத்தைப் பார்க்கும் கண்ணாடியாக மாறியது. கேமரன் மலையில் ஜே. ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். ஏறக்குறைய அதே காலத்தில் அக்கரையில் நிகழ்ந்தது இது.

தமிழ்நாட்டில் வாணியம்பாடிக்கு அருகே சவ்வாது மலையில் காவலூர் என்ற சிற்றூர் உண்டு. கொடைக்கானல் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த வைணு பாப்பு, நட்சத்திர ஆராய்ச்சிக்கு ஏற்ற இடம் தேடி அதைத் தேர்ந்தெடுத்தார். 1968இல் அங்கே சிறு தொலைநோக்கி ஒன்று வேலை செய்யத் தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி வந்து சேர்ந்தது.

அந்த ஆண்டு ஜூன் 7ஆம் தேதி, வியாழனின் மிகப் பெரிய துணைக்கோளான கானிமீடு, எஸ்.ஏ.ஓ. 186800 என்ற எண்ணால் மட்டும் அறியப்படும் நட்சத்திரம் ஒன்றை மறைத்தது. கானிமீடு புதன் கிரகத்தைவிடப் பெரியது; மேற்பரப்பு பனியால் ஆனது. ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் இடைவெளியிலுள்ள லெம்பாங்கும் காவலூரும் அந்த மறைப்பைப் பதிவு செய்தன. அமெரிக்க அறிஞர் கார்ல்சன், காவலூரைச் சேர்ந்த ஜே. சி. பட்டாச்சார்யா, இந்தோனேசியாவின் பாம்பாங் ஹிதாயத் முதலியோர் சேர்ந்து எழுதிய கட்டுரை 1973இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. அவர்கள் கண்ட விட்டம் சுமார் 5,270 கிலோமீட்டர். பின்னர் விண்கலங்கள் அருகே சென்று அளந்து கண்ட விட்டம் 5,268 கிலோமீட்டர். இரு மலைகளில் கண்ட நிழலுக்கும் விண்கலத்தின் அளவைக்கும் வேற்றுமை எவ்வளவு சிறிது, பாருங்கள்!

ஆனால் அதே கட்டுரை வேறொன்றும் சொல்லிற்று. நட்சத்திரம் சட்டென்று மறையாமல் சற்று மெல்ல மறைந்ததாகப் பதிவில் தெரிந்தது. ஆகவே கானிமீடில் காற்று மண்டலம் உண்டு. அதன் அழுத்தம் நம் காற்றழுத்தத்தில் குறைந்தது பத்து லட்சத்தில் ஒரு பங்காவது இருக்கும் என்றார்கள். கேட்க மெல்லியதாயினும் அந்நாளில் அது பெரிய செய்தி.

1979இல் வாயேஜர்-1 விண்கலம் வியாழனின் அருகே சென்றபோது, கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைப்பதை அங்கிருந்தே புற ஊதா ஒளியில் பார்த்தது. அதே முறைதான், பார்த்த இடந்தான் வேறு. முன்பு சொன்ன அளவில் பல்லாயிரத்தில் ஒரு பங்குகூட அங்கே இல்லை என்று தெரிந்தது. 1990களில் ஹபிள் தொலைநோக்கி அங்கே ஆக்சிஜன் இருப்பதைக் கண்டுபிடித்தது உண்மை. ஆனால் அது வெற்றிடத்தை ஒத்த மிக மெல்லிய படலம். 1973இல் சொன்ன காற்று மண்டலம் அன்று.

ஆக, ஒரே இரவில், ஒரே பதிவில், விட்டம் நிலைத்தது, காற்று நிலைக்கவில்லை. விட்டம் பெரிதும் மறைந்த கால அளவைப் பொறுத்தது. காற்றோ, மறையும் கணத்தில் கோடு சற்றே சாய்ந்திருப்பதைப் பொறுத்தது. பெரிய குறிப்பைத் தாங்கும் சான்று நுட்பமான குறிப்பையும் தாங்கும் என்று நம்பிவிட முடியாது.

அருகருகே மூன்று கட்டுரைகள்

ஐந்தாண்டுக்குள் காவலூருக்கு மற்றொரு வாய்ப்பு வந்தது. 1977ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் என்று கணித்திருந்தார்கள். கிரகத்தின் நிழல் தெற்கே இந்துமாக்கடலின்மீது விழவிருந்தது. அமெரிக்காவின் ஜேம்ஸ் எலியட் குழுவினர் தொலைநோக்கி பொருத்திய விமானத்தில் அக்கடலின்மேல் பறந்தனர். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலும் பார்த்தார்கள். காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியை யுரேனஸ் பக்கம் திருப்பிக் காத்திருந்தனர். காவலூர் கிரகத்தின் நிழலுக்குள் வராத ஊர்.

எனினும் காவலூரில் நட்சத்திரத்தின் ஒளி சில விநாடிகள் தாழ்ந்து மீண்டது. கிரகமோ விலகி நிற்கிறது. அப்படியானால் மறைத்தது எது? இதுவரை அறியாத துணைக்கோள் ஒன்றாக இருக்கலாம் என்று இருவரும் முடிவு கட்டினர். ஓரிடத்திலிருந்து ஒரு நாணைமட்டும் பார்த்தவர்களுக்கு அது இயல்பான முடிவே.

விமானத்திலிருந்தவர்கள் கிரகம் மறைக்கும் முன்னரே ஒளி பலமுறை தாழ்ந்ததைக் கண்டனர். முதலில் அவர்களும் சிறு துணைக்கோள்கள் என்றே எண்ணினர். ஆனால் கிரகம் நட்சத்திரத்தை விட்டு விலகிய பிறகும் அதேபோன்ற தாழ்வுகள் பதிவாகியிருந்தன. முன்னும் பின்னும் உள்ளவற்றை ஒப்பிட்டபோது, கிரகத்திலிருந்து அவற்றின் தூரம் ஒன்றுக்கொன்று பொருந்திற்று. துணைக்கோள்கள் இருபுறமும் அப்படி வரிசை தவறாமல் நிற்க மாட்டா. சுற்றிவரும் வளையம் ஒன்றே கிரகத்தின் இருபுறமும் ஒரே தூரத்தில் குறுக்கிட முடியும். யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்ற உண்மை இங்ஙனம் வெளிப்பட்டது.

அந்த ஆண்டு மே மாதம் 'நேச்சர்' இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தன. ஒன்று யுரேனசின் வளையங்கள் என்றது. அடுத்ததும் வளையங்கள் என்றது. மூன்றாவதான காவலூர்க் கட்டுரை புதிய துணைக்கோள் என்றது. மூவரும் பார்த்தது ஒன்றே. பொருள் கண்டதில்தான் வேற்றுமை. காவலூரார் பிடிவாதம் பிடிக்கவில்லை. தங்கள் பதிவை மீண்டும் ஆராய்ந்தார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் யுரேனசின் வளைய அமைப்பைப்பற்றி அதே இதழில் எழுதினர். முதலில் துணைக்கோளாகத் தெரிந்த அதே பதிவு இப்போது வளையத்துக்குச் சாட்சியாயிற்று. 1986இல் வாயேஜர்-2 அவ்வளையங்களைப் படம்பிடித்துக் காட்டியது.

இதில் காவலூருக்கு இழுக்கு ஒன்றுமில்லை. அளந்தது சரி, ஓரிடத்து அளவுக்குத் தாங்காத பொருளை அதன்மேல் ஏற்றியதுதான் பிழை. அண்டை வீட்டாரின் அளவோடு சேர்த்துப் பார்த்தபோது அது நேராயிற்று.

புளூட்டோவும் எரிசும்

1988ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் தேதி புளூட்டோ ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, ஒளி உண்மையாகவே மெல்ல மங்கிற்று. எலியட் குழுவினர் அதை விமானத்திலிருந்து பார்த்தனர். தரையிலும் பலர் பார்த்தனர். ஆகவே புளூட்டோவின் காற்று மண்டலம் கானிமீடின் காற்றைப்போல் கரைந்துபோகவில்லை. 2015இல் 'நியூ ஹொரைசன்ஸ்' விண்கலம் அங்கே சென்று அதை உறுதி செய்தது. புளூட்டோ சூரியனைவிட்டு விலகிச் செல்கிறது. அதன் காற்று இனி உறைந்து விழுந்துவிடுமா என்ற கேள்வி எழுந்தது. விண்கலம் ஒருமுறைதான் கடந்து செல்லும். ஆண்டுக்காண்டு கண்காணிப்பதற்கு நட்சத்திர மறைப்பே துணை. 2020ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி, நைனிதாலுக்கு அருகேயுள்ள தேவஸ்தல் மலையிலிருந்து அத்தகைய மறைப்பு ஒன்றைப் பார்த்தார்கள். நம் காற்றழுத்தத்தில் எண்பதாயிரத்தில் ஒரு பங்கினும் குறைவான அந்த அழுத்தம், 2015க்குப் பிறகு பெரிதாக மாறவில்லை என்று தெரிந்தது.

எரிசின் கதை வேறு. அது புளூட்டோவைவிடப் பெரியது என்று முதலில் கருதப்பட்டது. புளூட்டோ கிரகமென்றால் எரிசும் கிரகமாக வேண்டும் என்ற வழக்கு எழுந்து, 2006இல் புளூட்டோ கிரக வரிசையிலிருந்தே நீக்கப்பட்டது. 2010 நவம்பர் 6ஆம் தேதி எரிஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தது. சிலி நாட்டில் இரண்டு இடங்களில் அது பதிவாயிற்று. பதிவு செய்த தொலைநோக்கிகளில் எதன் கண்ணாடியும் அறுபது சென்டிமீட்டருக்கு மேற்பட்டதன்று. கோளம் உருண்டையானது என்று கொண்டு கணக்கிட்டதில் விட்டம் 2,326 கிலோமீட்டர் என்று வந்தது. புளூட்டோவின் விட்டம் 2,377 கிலோமீட்டர் என்று பின்னர் தெரிந்தது. எடையில் மூத்தது எரிஸ். உருவில் மூத்தது புளூட்டோதான். எரிஸ் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும் வெண்பனிப் போர்வை உடையது. உள்ளே பெரும்பாலும் பாறை. இத்தனையும் ஒரு நட்சத்திரம் சில விநாடிகள் அணைந்ததால் அறிந்தவை.

நிழல் விழும் ஊர்

இம்முறையில் பெரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. நிழல் எந்த ஊரின்மேல் விழும் என்பதை முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும். 650 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோளத்தின் இடத்தையோ நட்சத்திரத்தின் இடத்தையோ குறிப்பதில் ஒரு கோண விநாடியில் நூறில் ஒரு பங்கு தவறினாலும், நிழல் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் விலகிவிடும். ஈப்போவில் காத்திருப்பவரை விட்டு ஜொகூரில் விழும். 2013இல் ஏவப்பட்டு 2025வரை உழைத்த ஐரோப்பிய 'கையா' விண்கலம், நூறு கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் இடங்களை மிக நுட்பமாகக் குறித்துத் தந்தபின் இத்துன்பம் வெகுவாகக் குறைந்தது.

அதன் பயனை அரோகோத் என்ற சிறு பனிப்பொருளின் விஷயத்தில் காணலாம். அதன் நீளமே சுமார் 35 கிலோமீட்டர்தான். 2017 ஜூன் 3ஆம் தேதி தென்னாப்பிரிக்காவிலும் அர்ஜென்டினாவிலும் காத்திருந்தவர்களில் எவருக்கும் நட்சத்திரம் மறையவில்லை. ஜூலை 17ஆம் தேதி அர்ஜென்டினாவின் தென்பகுதியில் 24 சிறு தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்தினார்கள். கடுங்குளிர், பலத்த காற்று. ஊர்க்காரர்கள் தெருவிளக்குகளை அணைத்தார்கள். நெடுஞ்சாலையில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். காற்றைத் தடுக்க லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஐந்து தொலைநோக்கிகளில் நட்சத்திரம் ஒரு கணம் மறைந்தது. ஐந்து நாண்களையும் அடுக்கியபோது அது உருண்டையன்று, இரண்டு பொருள்கள் ஒட்டியோ நெருங்கியோ இருப்பது போன்ற உருவம் என்று தெரிந்தது. 2019 ஜனவரி முதல் தேதி விண்கலம் அருகே சென்று பார்த்தபோது, இரு பனிக்கட்டிகள் ஒட்டிக்கொண்டு நின்றன.

மற்ற பத்தொன்பது பேரின் இரவு வீணா? இல்லை. 'இங்கே மறையவில்லை' என்பதும் ஓர் அளவுதான். நிழலின் எல்லை தங்களுக்கு இப்பால் வரவில்லை என்று அவர்கள் சாட்சி சொல்கிறார்கள். மறைந்தவர்களின் நாண்கள் உருவத்தின் உடலை வரைகின்றன. மறையாதவர்களின் சொல் அதற்கு வேலி போடுகிறது.

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் வந்து கண்டு சொன்ன மேட்டுநிலந்தான் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஓரிடத்திலிருந்து பார்த்து மலையை அளக்க முடியாது, இரண்டிடம் வேண்டும் என்பது எந்த அளவையாளரும் அறிந்த பாடம். வானத்துக்கும் அதே பாடந்தான். நிழல் பேர்பெற்ற ஆராய்ச்சி நிலையங்களைத் தேடிப்போய் விழுவதில்லை. வயல், மீன்பிடித் துறை, தோட்டம் எதன்மேலும் விழும். அதைப் பிடிக்க வேண்டியவை ஒரு சிறு தொலைநோக்கி, அதில் பொருத்திய ஒளிப்பதிவுக் கருவி, செயற்கைக்கோளிலிருந்து வரும் சரியான நேரம், நிற்கும் இடத்தின் சரியான குறிப்பு ஆகியவையே. கேமரன் மலைக்கு மேகமும் மழையும் பகை. இரவில் விளக்கெரியும் பூந்தோட்டக் கூடாரங்களும் பகை. ஆயினும் வானம் தெளிந்த இரவுகள் இங்கேயும் வருகின்றன. சவ்வாது மலையிலும் லெம்பாங்கிலும் மேகம் இல்லாமலா இருந்தது?

இனி எதிர்ச் சரிவு விளக்கு கண்ணெதிரே அணைந்து எரியும்போது, லாரியின் நீளத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். பிறகு சாலையில் சற்று மேலே நிற்பவரைக் கூப்பிட்டு, உங்களுக்கு எத்தனை விநாடி மறைந்தது என்று கேளுங்கள். இரண்டு விடைகளும் ஒத்துவந்தால் மகிழலாம். ஒத்துவராவிட்டால், அங்கேதான் புதிய செய்தி ஒன்று காத்திருக்கிறது.